டெப்பும் யோகேஸ் அக்காட பொட்டும்

ஜூன் 16, திங்கள்

கச்சான் காத்து. காலையிலேயே நெருப்பு. பெரியகல்லாறில இருந்து குருக்கள்மடம் வரைக்கும் பஸ்ஸில யன்னல் பக்கம்தான் இருந்த, இருந்தும் முகம் எரிவு.

ஸ்டூடியோக் கடையைத் திறந்தா என்ட மேசை வெறுமை. கம்பியூட்டர் இல்ல.

ஒரு பேச்சு, ஒரு கேள்வி? ஒண்டும் இல்ல. சனிக்கிழமை நான் மூடிட்டுப் போகக்குள்ள இருந்த சாமான். இண்டைக்கு அது இருந்த இடத்தில தூசிக்கு நடுவில ஒரு சதுரம். அதுக்கு மேல ஒரு வெள்ளைப் பெட்டி. உள்ளுக்கு டெப், சிலேட்டு அளவில ஒரு தொடுதிரை. தவம் அண்ணன்ட மகன் கட்டாரில இருந்து அனுப்பினதாம். எழுதுறதுக்குப் பேனையும் இருக்காம்.

"இனி இதுலதான் வேலை சுகந்தி. உலகமே இதுக்கு மாறிட்டு." தவம் அண்ணன் சொன்ன. என்ட முதலாளி. கல்முனைக்கு அங்கால போறதெண்டாலே ரெண்டு தரம் யோசிக்கிற மனிசன், உலகத்தைப் பத்திச் சொல்ல வந்திட்டார்.

கம்பியூட்டர் எங்க எண்டு கேட்டன். மச்சான்ட பிள்ளைகளுக்குக் குடுத்தாச்சாம். கேம் விளையாடட்டுமாம். என்ட அல்பம், பெனர், மரண அறிவித்தல் எல்லாம் இருந்த பெட்டி. அதுல கேம்.

அதோட போனது:
— கீபோர்ட். என்ட இடது கைக்குக் கண் இருந்ததே அதாலதான்.
— தமிழ் எழுத்துப் பொண்ட் எல்லாம். தேடித் தேடிச் சேர்த்த.
— பெரிய திரை. பத்தடி பெனரை முழுசாப் பார்க்கலாம்.
— என்ட பாஸ்வேர்ட். கடையில எனக்கெண்டு இருந்த ஒரே கதவு.

பகல் சோறு இறங்கல்ல. மீன் வாங்க மறந்திட்டன்.

ஜூன் 17, செவ்வாய்

உன்னிச்சை ஊரில ஒரு பிள்ளையின்ட சாமத்திய வீட்டு அல்பம். நாளைக்குக் குடுக்கணும். பழைய டிசைனை டெப்பில திறந்தா 'பூப்புனித நீராட்டு விழா' முழுக்க இங்கிலீசு எழுத்துக் குப்பை. பழைய பொண்ட்டில அடிச்சதெல்லாம் இதுக்கு விளங்காதாம். எல்லாத்தையும் திருப்பி அடிச்சன், ஒத்தை விரலால, கோழி கொத்துற மாதிரி.

கை திரையில பட்டா கோடு விழுது. உள்ளங்கை பட்டாலும் விழுது. தாவணி நுனி பட்டாலும் விழுமோ தெரியா. பிழையை மாத்த ரெண்டு விரலால தட்டணுமாம். என்ட இடது கை மேசையில சும்மா சும்மா தட்டிக்கொண்டு கிடக்கு, இல்லாத கீபோர்ட்டில.

பிறகு டெப்பில அழகு பட்டன் எண்டு ஒண்டு. ஒரு அமத்து, உன்னிச்சைப் பிள்ளை கோதுமை மா மாதிரி வெளுத்து, நாடி கூராகி, ஆரோ ஒரு பிள்ளை. பிள்ளையின்ட மச்சம் போயிட்டு. பருவெல்லாம் போயிட்டு. அசல் பிள்ளை நல்ல கறுப்பு, நல்ல வடிவு. நான் அதை மாத்தாமத்தான் வைச்சன்.

தாய் வந்து பார்த்திட்டு, "அந்த டெப்பில இன்னும் வெளுக்க வைக்கலாமாமே" எண்டா. தவம் அண்ணன் சொல்லியிருக்கார். அவர்ட வாய்.

வெளுக்க வைச்சுக் குடுத்தன். எனக்கு என்ட வேலையைப் பார்க்கவே அருவருப்பு.

ஜூன் 18, புதன்

கரண்ட் கட். காலையில இருந்து மத்தியானம் வரைக்கும். கம்பியூட்டரெண்டா கையைக் கட்டிக்கொண்டு இருந்திருப்பன். டெப் ஓடின.

எழுத மனமில்ல, ஆனா பொய் எழுதுறதுக்கா இந்தக் கொப்பி: பேனையால தலைமயிர் வெட்டுற வேலை நல்லா வருது. மவுஸால ஒரு மணவறைப் படத்தில பொம்பிளையின்ட கொண்டைப் பூவை வெட்டியெடுக்க மணிக்கட்டு செத்திரும். பேனையால கோலம் போடுற மாதிரிப் போகுது. கூறைச் சேலைக் கரையும் அப்பிடித்தான்.

தவம் அண்ணனுக்கு இதைச் சொல்லல்ல. சொல்லவும் மாட்டன்.

ஒரு விசயம்தான் வயித்தெரிச்சல். பொழுதுபட அவர் டெப்பைக் கக்கத்தில வைச்சுக்கொண்டு வீட்டுக்குப் போறார். பேத்திக்குக் கார்ட்டூன் காட்ட. கம்பியூட்டரை ஆர் தூக்கிட்டுப் போற? நான் விட்ட இடத்தில விட்டபடி கிடக்கும். இது காலையில வரக்குள்ள திரையெல்லாம் பிஸ்கட் தூள், நான் செய்து வைச்ச டிசைன்ல லெயர் ரெண்டு இடம் மாறிக் கிடக்கு.

கேட்டா, "ஒரு சின்னப் புள்ள தொட்டா உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

ஜூன் 19, வியாழன்

யோகேஸ் அக்கா வந்தவ. எங்கட ஊர்தான். வாவியில பிடிக்கிற நண்டை வாங்கி கல்முனைச் சந்தையில விக்கிறவ. மகள் தர்சிகாக்கு அடுத்த கிழமை வெள்ளி கலியாணம். எங்கட ஊரில ஸ்டூடியோ இருக்கு, இருந்தும் நான் இருக்கிறன் எண்டு இஞ்ச வந்திருக்கா.

அக்காட அண்ணன் நடேசனும் கூட வந்த. கலியாணச் செலவு அவர்தான் பார்க்கிற. அதனால எல்லாக் கதையும் அவர்தான் கதைக்கிற. பெனர் பன்னிரண்டடி, வாசலுக்கு. நடுவில மாப்பிள்ளை பொம்பிளை, ரெண்டு பக்கமும் வட்டத்துக்குள்ள தாய் தகப்பன்மார். சொல்லிட்டு வெளியால போய் தவம் அண்ணனோட சிகரெட்.

அவர் போன பிறகுதான் அக்கா பையில இருந்து ஒரு படம் எடுத்தா. அடையாள அட்டைப் படம். நகத்தளவு. தோள்பட்டையில சீல் குத்தின மை. அவட மனிசன், குணம் அண்ணன்.

எங்கட ஊரில எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. சண்டைக் காலத்தில ஒருநாள் விடியக்குள்ள வந்து, விசாரிச்சிட்டு விடுறம் எண்டு அவரைக் கூட்டிக்கொண்டு போன. தர்சிகா அப்ப கைப்பிள்ளை. இன்னும் விடல்ல. மரணச் சான்றிதழ் எடுத்தா உதவி கிடைக்கும் எண்டு அரசாங்கக் கந்தோரில எத்தனை தரம் சொன்ன, அக்கா கையெழுத்து வைக்கல்ல. பொட்டும் எடுக்கல்ல. நண்டுக் கூடையோட பஸ்ஸில ஏறினாலும் நெத்தியில குங்குமம் அப்பிடியே இருக்கும்.

"மகள், மாலை கீலை போட்டிராத. மாலை போட்டா முடிஞ்ச கதை. விளக்கும் வைக்காத."

ஓம் எண்டன்.

"என்ட முகத்தை வெள்ளையாக்காத. வெயிலில திரியிற முகம், அப்பிடியே இருக்கட்டும். பொட்டு மட்டும் வடிவாத் தெரியணும்."

அதுக்கும் ஓம் எண்டன். வாய் நிறைய ஓம்.

ஜூன் 20, வெள்ளி

முழு நாளும் குணம் அண்ணன்ட முகம்.

நகத்தளவு படத்தை இழுத்துப் பெருப்பிச்சா புள்ளி புள்ளியாப் போகுது. டெப்புக்கு ஒரு பட்டன் இருக்கு, தானாத் தெளிவாக்கும் எண்டு. அமத்தினன். ஆரோ ஒரு ஆள் வந்தார். நல்ல மனிசன் மாதிரித்தான், ஆனா குணம் அண்ணன் இல்ல. அழிச்சன். எரிச்சலில டெப்பைத் தூக்கி அடிக்கணும் போல.

பேனையால ஒவ்வொரு மயிரா நானே போட்டன். கண் இமை, மீசை, காது விளிம்பு. சீல் மையைத் தோளில இருந்து மெல்ல மெல்ல எடுத்தன். சேட்டுக்கு என்ன நிறம் எண்டு அக்காக்குப் போன் எடுத்துக் கேட்டன்.

"நீலம்" எண்டா, யோசிக்காம. பிறகு, "மேல் பொத்தான் பூட்டமாட்டார்."

படத்தில பூட்டித்தான் இருந்த. நான் திறந்து விட்டன்.

மவுஸால இந்த வேலை நடந்திராது. அது உண்மை. இன்னும் எனக்கு டெப்பில கோவம்தான்.

ஜூன் 21, சனி

யோகேஸ் அக்கா பார்க்க வந்தவ. சந்தையால நேரா வந்த, கை ஈரம். திரையில மனிசனைக் கண்டவுடனே விரலை வைச்சிட்டா. கம்பியூட்டர் திரையெண்டா விரல் அடையாளம்தான் விழும். இது குணம் அண்ணனை வட்டத்தோட தூக்கி மாப்பிள்ளைட தலைக்கு மேல கொண்டு போய் வைச்சிட்டு. அக்கா பயந்து கையை எடுத்திட்டா. நான் ரெண்டு விரலால தட்ட, ஆள் திரும்பி வந்தார். ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பு, தவம் அண்ணன் எட்டிப் பார்த்த.

பிறகு அக்கா கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு பார்த்தா. கன நேரம். தன்ட முகத்தையும் பார்த்தா. பொட்டைப் பார்த்தா. "நல்லாத் தெரியுது" எண்டா.

எனக்கு இந்தக் கிழமையில முதல் நல்ல நேரம்.

தவம் அண்ணன் சொன்ன, பெனர் அடிக்கிற இடத்துக்குத் தானே வீட்டில இருந்து அனுப்புறாராம். டெப்பைக் கக்கத்தில வைச்சுக்கொண்டு போயிட்டார்.

ஜூன் 22, ஞாயிறு

லீவு. உடுப்புத் தோய்ச்ச. கச்சான் காத்தில அரை மணித்தியாலத்தில காய்ஞ்சு பலகை. அம்மாக்கு மூட்டு நோ. எண்ணெய் போட்ட.

ஜூன் 24, செவ்வாய்

இதை எழுதக்குள்ள பேனை தாளைக் கிழிக்குது.

காலையில பஸ்ஸில எனக்கு முன் சீட்டில ரெண்டு பொம்பிளைகள்.

"பெனரைப் பார்த்தியா? யோகேஸ் கடைசியில பொட்டை எடுத்திட்டா."

"எடுக்கத்தானே வேணும். எத்தனை வருசத்துக்கு இப்பிடி இருக்கிற?"

"மகளுக்கு நல்லது நடக்கிற நேரம் நல்ல புத்தி வந்திருக்கு."

நான் அடுத்த ஹோல்ட்டில இறங்கித் திரும்பி நடந்தன். வெயில். யோகேஸ் அக்காட ஒழுங்கை வாசலில பெனர். மாப்பிள்ளை பொம்பிளை நல்லா இருந்த. குணம் அண்ணன் நீலச் சேட்டோட இருந்த. பக்கத்து வட்டத்தில யோகேஸ் அக்கா. நெத்தி வெறுமை. துடைச்சு விட்ட மாதிரி.

பன்னிரண்டடிப் பெனர். அந்த வெறும் நெத்தி மட்டும் ஒரு சோத்துக் கோப்பை அளவு.

கடைக்குப் போய்ப் பையை மேசையில அடிச்சு வைச்சன். தவம் அண்ணன் என்னைப் பார்க்காமலே சொன்ன: "அந்த அழகு பட்டன்தான். நான் அனுப்பக்குள்ள கை பட்டிருக்கும். அது மச்சம் மரு எண்டு நினைச்சு எடுத்திருக்கு. மெசினுக்கு எங்கட பொட்டு விளங்குமா?"

நம்பினன். ஏன் நம்பமாட்டன்? உன்னிச்சைப் பிள்ளையின்ட மச்சத்தை எடுத்த சனியன்தானே.

திருப்பி அடிக்கச் சொன்னன். நேரம் இல்லையாம். கலியாணம் முடிஞ்சா பெனரை ஆர் பார்க்கிறாம்.

நாள் முழுக்க அவரோட கதைக்கல்ல. தேத்தண்ணி வைச்சார், குடிக்கல்ல.

ஜூன் 25, புதன்

பின்னேரம் யோகேஸ் அக்காட வீட்டுக்குப் போன. போகாம இருந்தா நான் மனிசியா?

முத்தத்தில பந்தல் போடுறாங்க. அக்கா குசினியில பலகாரத்துக்கு மா அரிச்சுக்கொண்டு இருந்தா. நெத்தியில பொட்டு இருந்த. அதைக் கண்டு எனக்கு மூச்சு வந்த.

"அக்கா, நான் செய்யல்ல. டெப்தான் செய்த. தானா எடுத்திட்டு."

அக்கா அரிக்கிறதை நிப்பாட்டல்ல.

"தானாவா?"

"ஓம். முகத்தைப் பார்த்து, தேவையில்லாதது எண்டு நினைக்கிறதை அது எடுக்கும்."

நான் என்ன சொன்னன் எண்டு எனக்கு அப்ப விளங்கல்ல. அக்காக்கு விளங்கின. அரிதட்டைக் கீழ வைச்சா.

"அப்ப மெசினுக்கும் தெரிஞ்சு போச்சா?"

"என்னது அக்கா?"

"இந்தக் காலத்தில அதுகளுக்கு எல்லாம் தெரியுமாமே. தர்சிகாவும் எதையெண்டாலும் போன்லதான் கேக்கிறாள். சரியாத்தான் சொல்லுதாம். அவர்ட படமும் அதுக்குள்ளதானே இருந்த. ரெண்டையும் பார்த்துப்போட்டு எடுத்திருக்கு." கையில ஒட்டின மாவைத் தட்டினா. "கந்தோர்ல சொல்லக்குள்ள நான் நம்பல்ல. அண்ணன் சொல்லக்குள்ள நம்பல்ல. இதுக்கு என்னில என்ன கோவம்? இதுக்கு என்ன லாபம்?"

அப்பிடி இல்ல அக்கா, அது ஒரு பட்டன், பருவுக்கும் பொட்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு பட்டன் எண்டு என்னவெல்லாமோ சொன்னன். காதில ஏறல்ல. நாளண்டைக்கு மணவறைப் பக்கம் தான் வரல்லியாம், அண்ணனும் மச்சாளும் நிக்கட்டுமாம். பெனரில ஊருக்கே காட்டியாச்சு, இனி என்னத்துக்குப் பொட்டோட போய் நிக்கிற எண்டா.

வரக்குள்ள ஒழுங்கையில நடந்து நடந்து அழுதன். கோவத்திலதான். நாய் ஒண்டு கூட வந்த.

ஜூன் 26, வியாழன்

நித்திரை இல்ல. முதல் பஸ்ஸில போய், தவம் அண்ணன் டெப்பைக் கொண்டு வரும் வரைக்கும் கடை வாசலில நிண்டன்.

எனக்குத் தேவை ஒண்டுதான். அந்தப் பட்டன் எப்பிடிப் பொட்டு எடுக்குது எண்டு செய்து, அதை அக்காக்குக் காட்டணும். பாருங்க, எந்தப் பொம்பிளை முகத்தை வைச்சாலும் இது இப்பிடித்தான், உங்களைப் பத்தி இதுக்கு ஒரு மண்ணும் தெரியா எண்டு.

அக்காட முதல் படத்தை எடுத்தன். அழகு பட்டனை அமத்தினன். முகம் வெளுத்த. கன்னத்துத் தழும்பு போன. கண்ணுக்குக் கீழ கறுப்பு போன.

பொட்டு போகல்ல.

திருப்பி அமத்தினன். முழு அளவுக்கு ஏத்தி அமத்தினன். பொட்டு இன்னும் சிவந்த. அம்மாட படத்தை வைச்சு அமத்தினன். என்ட படத்தை வைச்சு அமத்தினன். ஒருத்தரிட்டயும் போகல்ல.

அப்ப பெனரில பொட்டு எங்க போன?

பெனர் செய்த டிசைன் அப்பில ஒரு சாமான் இருக்கு. நாங்க பேனையால செய்யிற ஒவ்வொரு கீறலையும் அது தன்ட பாட்டில வீடியோவாப் பிடிச்சு வைக்கும். நான் கேக்கவும் இல்ல, அதை நிப்பாட்டவும் இல்ல. கம்பியூட்டர் இப்பிடி ஒண்டும் வைச்சிருக்காது. பெனரைத் திறந்து அந்த வீடியோவைப் போட்டன்.

ஓடின. நான் போட்ட மீசை, இமை, திறந்த பொத்தான். அக்காட விரல் பட்டு குணம் அண்ணன் பறந்து போய்த் திரும்பி வந்தது. அதுக்குப் பிறகு நான் செய்யாத வேலை. ஆரோ அக்காட நெத்தியைப் பெருப்பிச்சாங்க. பக்கத்துத் தோல் நிறத்தை எடுத்துப் பொட்டுக்கு மேல தடவினாங்க. சிவப்புக் கலங்கி அப்பிக்கொண்டு நிண்ட. அழிச்சாங்க. திருப்பித் தடவினாங்க. நெத்திச் சுருக்கம் போயிட்டு எண்டு அதையும் அழிச்சு, மூண்டாந்தரம் சுருக்கத்தைத் திருப்பிக் கீறி, கவனமா, மெல்லமா, பொட்டு இருந்த இடமே தெரியாம.

பட்டன் இல்ல. கை.

"தவம் அண்ணன், இஞ்ச வாங்க" எண்டு கூப்பிட்டு மூஞ்சிக்கு முன்னால பிடிச்சன்.

பார்த்தார். முதல்ல வீடியோ எப்பிடி வந்த எண்டுதான் கேட்டார். அந்த மனிசன்ட முதல் கவலை அது.

"நடேசன் அண்ணன் என்ட வீட்டுக்கு வந்து பக்கத்தில இருந்து கேட்டவர். மாப்பிள்ளைட தாய் கதைக்கிறாவாம், புருசன் இல்லாத பொம்பிளை பொட்டோட நிண்டா கலியாணத்துக்கு நல்லா இல்லையெண்டு. ஒரு சின்னப் பொட்டு சுகந்தி. அதுக்குப் போய்."

"பிறகு ஏன் டெப் எண்டு பொய் சொன்ன நீங்க?"

"மெசின்ட தலையில போட்டா ஆருக்கும் நோகாது."

நோகாதாம். அங்க ஒருத்தி மெசினுக்கே தெரிஞ்சு போச்சு எண்டு மனிசனைச் சாகக் குடுத்திட்டு இருக்கிறாள், இவருக்கு நோகாதாம். அந்தப் பழியைக் கொண்டு போய்ச் சொன்னதும் நான்தான். என்ட வாயைத்தான் இவர் வாடகைக்கு எடுத்திருக்கார்.

டெப்பைப் பையில போட்டுக்கொண்டு நடந்தன். "சுகந்தி, எங்க கொண்டு போற? வை அங்க. இனி இந்தப் பக்கம் வராத." பின்னால சத்தம். கம்பியூட்டரெண்டா தூக்கிட்டு வந்திருக்க ஏலாது. அதை மட்டும் பஸ்ஸில இருந்து யோசிச்சன்.

கலியாண வீடு நிறையச் சனம். நடேசன் வாடகைக் கதிரை எடுக்கப் போயிருந்த. யோகேஸ் அக்கா பின் வளவில கிணத்தடியில. தலை ஈரம். நெத்தி வெறுமை.

"குளிச்சனான். இன்னும் வைக்கல்ல" எண்டா, நான் கேக்காமலே.

கிணத்துக் கட்டில இருந்து வீடியோவைப் போட்டன். அக்கா பார்த்தா. நெத்தி பெருக்கிற இடம் வந்த. தடவுறது, அழிக்கிறது, திருப்பித் தடவுறது.

"இது ஆர்ட கை?"

"தவம் அண்ணன்ட."

"அவருக்கு என்னத்துக்கு?"

சொல்லாம விட்டா நான் தவம் அண்ணனை விடக் கேடு. சொன்னா நாளைக்குக் கலியாணம் குழம்பும். சொன்னன். "உங்கட அண்ணன் கேட்டவராம் அக்கா."

அழுவா எண்டு நினைச்சன். கத்துவா எண்டு நினைச்சன். "இன்னொருக்காப் போடு" எண்டா. போட்டன். மூண்டாந்தரமும் பார்த்தா. பிறகு முந்தானையால முகத்தைத் துடைச்சிட்டு ஒரு மூச்சு விட்டா.

"அப்ப மெசினுக்கு ஒண்டும் தெரியாது."

"தெரியாது அக்கா."

"எங்கட அண்ணன்தான்."

"ஓம்."

"அவனுக்கு என்ன தெரியும்." சொல்லிட்டு எழும்பினா. "தர்சிகா, குங்குமச் சிமிழை எடுத்திட்டு வா" எண்டு உள்ளுக்குக் கூப்பிட்டா. குரல் சந்தையில நண்டு விக்கிற குரல்.

வரக்குள்ள சந்திக் கடையில சிவப்பு ஸ்டிக்கர் தாள் வாங்கினன், மோட்டச்சைக்கிளுக்கு ஒட்டுற சாதி. சோத்துக் கோப்பையைக் கவிழ்த்து வைச்சு வட்டம் வெட்டினன். பிளாஸ்டிக் கதிரையில ஏறி, ஒழுங்கையில போறவன் வாறவன் எல்லாம் பார்க்க, பெனரில அக்காட நெத்தியில ஒட்டினன். கம்பியூட்டரும் வேணாம், டெப்பும் வேணாம். கொஞ்சம் சரிவுதான். இருக்கட்டும்.

டெப்பை ஆட்டோக்காரனிட்டக் குடுத்துக் கடைக்கு அனுப்பியாச்சு. சாமானை வைச்சிருந்தா கள்ளி எண்டு சொல்லுவார்.

ஜூன் 27, வெள்ளி

காத்து இல்ல. புழுக்கம். பச்சைச் சேலை கட்டின.

எனக்கு வேலை இல்ல, விருந்தாளியாத்தான் போன. தவம் அண்ணன் கமராவோட நிண்ட. என்னைக் கண்டும் காணாத மாதிரி.

நடேசன் பெனருக்குக் கீழ ஒருக்கா நிண்டு மேல பார்த்த. ஸ்டிக்கரை உரிக்க ஆளைக் கூப்பிடல்ல. சனம் நிறைய.

தாலி கட்டி முடிஞ்சு குடும்பப் படம். மாப்பிள்ளைட தாய் தகப்பன் ஒரு பக்கம். பொம்பிளைப் பக்கம் நடேசனும் மனிசியும் ஏறி நிண்டாச்சு. தவம் அண்ணன் கமராவைத் தூக்கினார். அப்ப யோகேஸ் அக்கா குசினிப் பக்கத்தால வந்தா. நாவல் நிறப் பட்டு. நெத்தியில பொட்டு, அவ வழமையா வைக்கிறதிலும் பெரிசு. நடேசனை ஒரு சொல்லும் சொல்லல்ல, கையால மெல்ல ஒதுக்கிட்டு மகளுக்குப் பக்கத்தில நிண்டா. மாப்பிள்ளைட தாய் ஒருக்காப் பார்த்திட்டு நேரா நிண்டா. நடேசன் சால்வையைச் சரிபண்ணினார், திருப்பிச் சரிபண்ணினார்.

தவம் அண்ணன் கமராவைக் கண்ணில வைச்சபடி நிண்டார். அமத்தல்ல.

"தம்பி தவம்" எண்டா அக்கா. மேளக்காரரும் நிப்பாட்டிட்டாங்க. "பொட்டுத் தெரியுதா?"

எல்லாச் சனமும் கேட்டுக்கொண்டு நிண்ட.

"ஓம் அக்கா. தெரியுது."

"நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

"அப்ப சரி. படத்தை மட்டும் எடு."